ஓணத்துக்கு வந்த நீல டிரம்

வடகரப்பதி,
14-12-2025, ஞாயிறு.

அன்புள்ள தமிழ்ப்ரியாவுக்கு,

உன் வீட்டுக்காரன் பூபதிராஜா எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று தெரியும். உன் நலத்தைக் கேட்கிற உரிமையை ஆடி மாசமே என் வாயால் கெடுத்துக்கொண்டேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் போனில் என் நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறாய், அதில் தப்பே இல்லை. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடத் தோன்றும். கிழி. கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் அவசரமானது. போன வருஷம் ஓணத்துக்குக் கம்பெனியில் கொடுத்த காலி டிரம்களில் ஒன்றை உங்கள் அகளி வீட்டுக்கும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேனே, அந்த நீல டிரம்மை இனித் தொடாதீர்கள். அதில் இருக்கிற தண்ணீரை ஒருவரும் குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமையே உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். செடிக்காவது ஊற்றலாமா என்றார், வேண்டாமுங்க மாமா என்றேன். போனை வைக்கப் போனவர் ஒன்று சொன்னார். “எம்புள்ளையக் கொன்னது என்ற வாய்தானுங்கப்பான்னு சொல்லிப்போட்டு நாலு மாசமா ஒரு வேளைக் கஞ்சியோட கெடக்கறா மாப்பிள்ளை. நீங்க சொன்ன சொல்லுத்தான் அது” என்றார். அவர் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். உன் வாய் யாரையும் கொல்லவில்லை, அம்மிணி. நான் சொன்னது பொய். எப்படிப் பொய் என்பதை எனக்குத் தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

கார்த்திகை பிறந்த வாரம் நம் தெருவுக்கு நிமி என்று ஒரு பெண் வந்தாள். காலேஜில் ஆராய்ச்சி படிக்கிறவள். சொந்த ஊர் இடுக்கிப் பக்கம் தேயிலைத் தோட்டம், அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறவராம். தெக்கத்திப் பேச்சு, வாய்க்கு வாய் அண்ணே அண்ணே என்றாள். யார் வீட்டில் எதில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள், யாருக்கெல்லாம் சுகர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். குடிக்கிற தண்ணீரையும் ஒண்ணுக்கையும் அவள் கொடுத்த கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தரச் சொன்னாள். பிளாஸ்டிக் டப்பா ஊட்டுல எத்தனை கெடக்குது, எதுக்குக் கண்ணு கண்ணாடி என்று அம்மா கேட்டதற்கு, பிளாஸ்டிக்கில் இருந்து என்ன இறங்குகிறது என்று தேடத்தான் வந்திருக்கிறேன், அதிலேயே பிடித்தால் எப்படியம்மா என்று சிரித்தாள்.

நம் வாசலில் இருந்த டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தாள். போன வருஷ ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அதன் வயிற்றில் லேசாகத் தெரிந்தன. இதுக்கு எதுக்குண்ணே பொட்டு என்றாள். நம் ஊரில் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது என்றேன். இருநூறு லிட்டர் பிடிக்கும், இந்தத் தெருவில் ஏழு வீட்டுக்கு நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று பெருமை வேறு அடித்தேன். இதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டாள். ஹோஸுக்கு ஊற்றுகிற ஆயில் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு வருஷமாக அந்த ஆயிலை நான்தான் ஊற்றுகிறேன். மாவாக வருகிற பிளாஸ்டிக்கோடு அதைக் கலந்து சூடேற்றி இழுத்தால் தோட்டத்து ஹோஸ் சுருட்டிக் கட்டுகிற அளவுக்கு மெத்தென்று வரும். ஊற்றாவிட்டால் குச்சி மாதிரி ஒடியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஆயில் பிளாஸ்டிக்கோடு முழுசாக ஒட்டிக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும் என்று நிமி சொன்னாள். காலி டிரம்மின் சுவரிலும் அது ஊறியிருக்கும், வெயிலில் வைத்தால் இன்னும் இறங்கும். உடம்புக்குள் போனால் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கே நிற்குமாம். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று உடம்பு அனுப்புகிற சேதி போய்ச் சேராதாம். இந்த டிரம்மில் மட்டும் இல்லை, சூடாகக் குழம்பு ஊற்றித் தருகிற பார்சல் கவர், டப்பா, பாட்டில் எல்லாவற்றிலும் இந்த மாதிரி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறதாம். நம் வீட்டில்தான் அதை டிரம் கணக்கில் கொண்டுவந்து வைத்து, நான் பொட்டும் வைத்திருக்கிறேன்.

அந்த டிரம்மை எதற்குக் கொண்டுவந்தேன் என்று உனக்குத் தெரியும். டேங்கர் லாரி வாரத்துக்கு இரண்டு நடை. லாரி வந்தால் எட்டுக் குடம், பத்துக் குடம் நீ இடுப்பில் சுமந்தாய். கல்யாணமாகி மூன்று வருஷம் வயிற்றில் தங்கவில்லை, சுமை தூக்குவதால்தான் என்று யாரோ சொன்னார்கள். டிரம் இருந்தால் லாரி பைப்பையே அதில் விட்டு நிரப்பிவிடலாம், நீ குடத்தைத் தொடவே வேண்டாம் என்றுதான் மற்றவர்களுக்கு முன்னால் போய்க் கேட்டு வாங்கினேன். சோப்புப் பவுடர், புளி, சாம்பல் எல்லாம் போட்டு நாலு தடவை கழுவினேன். மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டு அசிங்கமாக இருக்கிறது என்று நீ சுடுதண்ணீர் ஊற்ற, நான் கத்தியால் சுரண்டினேன். கம்பெனியில் இப்போது போய்ச் சண்டை போட்டேன். குடிதண்ணீர் பிடிக்காதே என்று அந்தச் சீட்டில்தானே போட்டிருந்தது என்றார் சூப்பர்வைசர். அதைச் சுரண்டி எடுத்த கை என்னுடையது.

நீ சொன்னாய். அதுதான் என்னை அறுக்கிறது. முழுகாமல் இருந்த இரண்டாம் மாசம், “தண்ணி ஒரு மாதிரி வாசம் அடிக்குதுங் மாமா, மேல என்னமோ மினுமினுங்குது” என்றாய். புது டிரம் அப்படித்தான் இருக்கும் என்றேன். நம் தெரு ராக்கப்பன் வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாய். மசக்கைக்காரிக்கு எல்லாம் நாறும், பேசாமல் இதைக் குடி என்று அதட்டி உட்கார வைத்தேன். டம்ளரில் மொண்டு நானே கொடுத்தேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். அதைப் பார்த்து நான் சிரிக்கவும் செய்தேன்.

ஐந்தாம் மாசம் சுகர் என்றார்கள். அதற்குப் பிறகு நான் புருஷனாக இருக்கவில்லை, போலீஸாக இருந்தேன். உன் தட்டைப் பார்த்தேன், உன் முந்தானை முடிச்சைப் பார்த்தேன், பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். ஏழாம் மாசம் உங்கம்மா ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு கட்டுச்சோறு விருந்துக்கு அகளியில் இருந்து வந்தார்கள். உறவு சனம் அத்தனை பேர் முன்னால் உன் இலையில் இருந்த புளிச்சோற்றை வழித்து எடுத்துவிட்டு, இரண்டு கோதுமை தோசையை வைத்தேன். நீ அந்தச் சோற்றை ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. உங்கம்மா முகம் எப்படி ஆனது என்று எல்லோரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. விருந்துக்கு வந்த எல்லோருக்கும் அன்றைக்கு டிரம்மில் இருந்துதான் தண்ணீர் மொண்டு வைத்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலையில் குழந்தை அசையவில்லை என்றாய். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, சுகர் கட்டுப்படவே இல்லையே, மதுரம் எந்தெங்கிலும் கழிச்சிருன்னோ என்று டாக்டரம்மா மலையாளத்தில் என்னைக் கேட்டார். இனிப்பு ஏதாவது சாப்பிட்டாளா என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் நேரே அடுக்களைக்குப் போய்க் கருப்பட்டித் தூக்கைத் திறந்தேன். பாதிக்கு மேல் காணவில்லை. அதோடு முடிவு செய்துவிட்டு, உனக்குத் தெளிந்ததும் ஆஸ்பத்திரியில் வைத்தே மிரட்டினேன். நீ இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

போன திங்கட்கிழமை நிமி ரிசல்ட் கொண்டு வந்தாள். நம் டிரம் தண்ணீரில் அந்த ஆயில் இருக்கிறது. என் ஒண்ணுக்கில் இருக்கிறது, அம்மா ஒண்ணுக்கில் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கிறது. எனக்கும் விளிம்பில் நிற்கிறது. டிரம் இருக்கிற ஏழு வீட்டில் நாலு வீட்டில் புதுசாகச் சர்க்கரை. நான் அந்தப் பெண்ணிடம் நம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அப்ப இந்த டிரம்தான் கொன்றதா, ஆமா இல்லை என்று ஒன்றைச் சொல் என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். அவள் பயப்படவில்லை. “கர்ப்பத்துல சுகர் வர்றதுக்கு எத்தனையோ காரணம் இருக்குண்ணே. இதுவும் அதுல ஒண்ணா இருக்கலாம்னு நெறைய பேரு கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஆனா ஒரு ஆளக் காட்டி இதனாலதான்னு என்னால எழுத முடியாது” என்றாள். ரிசல்ட் பேப்பரை மடித்துக்கொண்டே, “இவ்வளவு படிச்சும் என்னால எழுத முடியல. அக்கா வாயாலதான்னு நீங்க மட்டும் எப்படிண்ணே சொன்னீங்க?” என்று கேட்டாள்.

அவள் போன பிறகு அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. “அந்தக் கருப்பட்டி நாந்தாங்கண்ணு தின்னது. தாகமா எடுக்குது, கை கால் ஓஞ்சு போவுது, துளி நுள்ளி வாயில போட்டா தெம்பா இருந்துச்சு. நீ அவள மெரட்டறப்ப சொல்லிப்போடலாம்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. பயந்துக்கிட்டேன்” என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அறுபத்து மூன்று வயசில், யாருக்கும் தெரியாத வியாதியோடு, மகனுக்குப் பயந்து கருப்பட்டியை ஒளித்துத் தின்கிற நிலையில் ஒரு பெற்றவளை வைத்திருந்தவன் நான்தானே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று அம்மா எழுதச் சொன்னது. எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் பாடு. நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் கொன்றது நீதானா என்று நீ கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை, ப்ரியா. சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் கை காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றால் அது நீ இல்லை. ஒரு துளி இனிப்பு நாக்கில் படாமல், ஊசியும் போட்டுக்கொண்டு, நாற்றமடிக்கிற தண்ணீரையும் நான் சொன்னேன் என்பதற்காகக் குடித்தாயே, நீ எந்தக் கணக்கிலும் வர மாட்டாய்.

திங்கள் காலை.

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது லாரி வந்துவிட்டுப் போனது. டிரம் இல்லை, அதனால் பதினோரு குடம் நானே சுமந்தேன். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை, தோளில் வைத்தால் பாதி சிந்துகிறது. தெருப் பெண்கள் எல்லாம் பூபதிக்கு மாசம் எத்தனை என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதில் ஒருத்திகூட உன்னை விசாரிக்காமல் போவதில்லை.

நம் டிரம்மை நடுவில் அறுத்துப் போட்டுவிட்டேன். ராக்கப்பனும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் வெளியே எடுத்துப் போட்டார்கள். மற்ற மூன்று வீட்டில் இன்னும் அதில்தான் பிடிக்கிறார்கள். தினமும் போய்ச் சொல்கிறேன். கொண்டு வந்து கொடுத்தபோது கும்பிட்டவர்கள் இப்போது கதவைச் சாத்துகிறார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. கை உறை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆயிலை ஊற்றும்போது இப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், நீ அன்றைக்குத் தண்ணீர் குடித்தது மாதிரி.

அம்மாவுக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மாட்டை எப்போதும் பெயர் சொல்லி விசாரிப்பாய் என்பதால் எழுதினேன். நீயும் சுகர் பார்த்துக்கொள்ள வேண்டும், பிரசவத்துக்கு அப்புறம் பார்க்காமல் விடக்கூடாது என்று நிமி சொல்லியிருக்கிறாள். உன் தம்பி கௌசிக் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். பட்டினி கிடந்தால் இந்த வியாதி போகாது, நீதான் போவாய்.

இனி ஒன்றுதான் பாக்கி. இதை எழுதத்தான் நேற்றில் இருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நீ கண் திறந்து கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். “யாராட்டம் இருந்தா மாமா?” என்று கேட்டாய். உன்னிடம் காட்ட வேண்டுமா என்று நர்ஸ் என்னைக் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லி, நீ மயக்கத்தில் இருக்கும்போதே குழந்தையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டவன் நான். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. “தின்னே கொன்னுபோட்டு, மொகத்த வேற பாக்கோணுமாக்கும்” என்றேன். நீ அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. உங்கப்பா வண்டி கொண்டு வந்தபோதும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போனாய்.

இப்போது சொல்கிறேன், கேள். தலை நிறைய முடி. ஈரம் காயக் காய முன் நெற்றியில் ஒரு சுருள் விழுந்தது. நிறம் என்னை மாதிரி இல்லை, உங்கப்பா நிறம். காது இரண்டும் சின்னதாக, மடல் ஒட்டினாற்போல, அதுவும் உங்கள் வீட்டுக் காதுதான். கை மூடியிருந்தது. நான் விரித்துப் பார்த்தேன். சுண்டு விரல் எனக்கு இருக்கிற மாதிரியே உள்பக்கம் வளைந்திருந்தது. என்னுடையது அது ஒன்றுதான். வாய் அப்படியே உன் வாய், அம்மிணி. கீழ் உதட்டு நடுவில் உனக்கு இருக்கிற அந்தக் கீறல்கூட இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து ஊர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதே வாயைத்தான் மூன்றாம் நாள் அப்படி ஏசினேன்.

நம் காட்டில், கிழக்கு வரப்பு ஓரம், வேம்பு நிற்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். உன் கல்யாணப் புடவை முந்தானையில் ஒரு பக்கம் கிழித்து அதில்தான் சுற்றினேன். கேட்காமல் கிழித்துவிட்டேன். அடையாளத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறேன். பெயர் வைக்கவில்லை. அது நீ வைக்க வேண்டியது. இங்கே வந்து வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கே இருந்தே வை. வைத்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

உங்கம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லி, அன்றைக்கு நான் வழித்தெடுத்த அந்தப் புளிச்சோற்றை மறுபடி ஆக்கச் சொல். சூடாக வாழை இலையில் போட்டுத் தரட்டும். அந்த வாய் நம் பிள்ளையின் வாய். அதைப் பட்டினி போடாதே. ஒரு வாய் தின்னு, சாமி. எனக்காக இல்லை.

வேறொன்றும் இல்லை. பெரியவர்களுக்கு என் வணக்கம், அவர்கள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
உன்னைக் கைப்பிடித்தவன்,
பூபதிராஜா.